சமுகமளியாதவர்

எம் கல்லூரி அன்னையின் யூபிலி விழா மலருக்கெனப் பழைய புகைப்படங்கள் எவையேனும் இருப்பின் அனுப்பியுதவுமாறு மலர்க் குழுவினர் சில திங்களுக்கு முன் எமக்கு எழுதியிருந்தனர். அவ்வேண்டுகோளைத் தலைமேற்கொண்டு வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து தேடியபோது, 1966 ஆம் ஆண்டில் யாம் சாதாரண தர வகுப்பிற் பயின்ற காலத்து எடுக்கப்பெற்ற வகுப்புப் படம் கைக்கு வந்தது. அட்டையின் ஓரங்கள் செல்லரித்துப் போயினும் முகங்கள் தெளிவாகவே இருந்தன. நடுவில் அதிபரும் வகுப்பாசிரியரும் வீற்றிருக்க, மூன்று வரிசையில் முப்பத்தொரு மாணாக்கர். படத்தின் கீழே ஒவ்வொருவர் பெயரும் வரிசைப்படி அச்சிடப்பட்டிருந்தது. ஈற்றில் 'சமுகமளியாதவர்' என்றொரு சொல். அதன் பக்கத்தே ஒரேயொரு பெயர்.

அவ்வரி உண்மையன்று. அவர் அன்று கல்லூரிக்கு வந்திருந்தார். படம் எடுத்த இடத்திலேயே நின்றார். எனினும் படத்தில் இல்லாமற் போனார். அதற்குக் காரணமாயிருந்தோர் பிறர் அல்லர், யாமே. அக்கதையைச் சொல்லாது படத்தை மாத்திரம் அனுப்பி வைக்க எம் மனம் ஒருப்படவில்லை. ஆதலின் இக்கட்டுரை எழுந்தது.

நண்பரின் பெயரை ஈண்டு எழுதாது விடுகின்றோம். அஃது அவரது விருப்பம். மேலுதடும் அண்ணமும் பிளந்திருக்கப் பிறந்தவர் அவர். கரு வளரும் முதற் பத்து வாரத்துள், இருபுறத்திருந்தும் வளர்ந்து வருகின்ற முகத்தின் பகுதிகள் நடுவிற் சென்று பொருந்தல் வேண்டும். அவை பொருந்தாதொழியின் அவ்விடத்துப் பிளவு நின்றுவிடுகின்றது. உலகிற் பிறக்குங் குழந்தைகளுள் ஏறத்தாழ 700 பேருக்கு ஒருவர் உதட்டிலோ அண்ணத்திலோ இத்தகைய பிளவோடு பிறக்கின்றனர். பரம்பரையும் வேறு பல ஏதுக்களும் கூடி இதனை விளைக்கின்றன என்பது வைத்தியர் கூற்று. எம் ஊராரோ, கிரகண வேளையில் தாய் வெளியே வந்துவிட்டாள் என ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிட்டனர். அத்தீர்ப்பு மகனினும் தாயையே பெரிதும் வருத்தியது. அவ்வம்மையார் பரிசளிப்பு விழாவுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ ஒருநாளேனும் வந்ததை யாம் கண்டிலேம்.

வகுப்பிலே பின்வரிசை வாங்கின் சுவரோரத்து மூலை அவருக்கு உரியதாயிருந்தது. அவ்விடத்தில் இருக்குமாறு எவரும் அவரைப் பணிக்கவில்லை. ஏனைய இடங்களெல்லாம் நிரம்பிய பின் எஞ்சியது அதுவே. கைக்குட்டையொன்று எப்பொழுதும் அவர் வாயருகே இருக்கும். மாணாக்கர் அவரை முயல் என்றனர். யாமும் அங்ஙனமே அழைத்தோம். தமிழ்ப் பாடவேளையில் ஒருவர்பின் ஒருவராய் எழுந்து உரக்க வாசிப்பது வழக்கம். அண்ணம் பிளந்தோர் பேசுங்கால் காற்று மூக்கு வழியே கழிந்துவிடும். அதனால் வல்லெழுத்துக்கள் மெல்லெழுத்தின் சாயல்பட ஒலிக்கும். முறை அவரிடம் வருகையில், எம் ஆசிரியர் அவரைக் கடந்து அடுத்த மாணாக்கனை அழைப்பார். நகைப்புக்கு இடங்கொடுத்தலாகாது என்னுங் கருணையினாலேதான் அவ்வாறு செய்தார். எனினும் அந்நேரத்தில் நண்பர் புத்தகத்தை விரித்துப் பிடித்து, தம் பந்தியில் விரலை வைத்துக் காத்திருந்ததை, பக்கத்து வாங்கிலிருந்த யாம் பலமுறை கண்டிருக்கின்றோம்.

படம் எடுக்கும் நாள் வந்தது. யாம் அவ்வாண்டின் வகுப்புத் தலைவர். மாணாக்கரை உயரத்துக்கு ஏற்ப வரிசைப்படுத்தும் பணி எமக்குத் தரப்பட்டது. படம் கல்லூரி மண்டபத்தில் என்றென்றும் தொங்கும் என்ற நினைவால் எல்லோரும் தலைவாரி, வெண்சட்டை அணிந்து வந்திருந்தனர். நண்பரும் அன்று புதுச் சட்டை அணிந்திருந்தார். கைக்குட்டையும் அவர் கையில் இல்லை. யாம் அவரருகே சென்று, "நீ பின்வரிசை ஓரத்தில் நில், முகத்தைச் சற்று அப்பாலே திருப்பிக்கொள், படம் மண்டபத்தில் மாட்டுவார்கள் அல்லவா?" என்றோம். அவருடைய நன்மைக்காகவே சொன்னதாக அப்பொழுது எண்ணினோம். அவர் மறுமொழி யாதுங் கூறவில்லை. புகைப்படக்காரர் கருந்துணிக்குள்ளே தலையை நுழைத்தபோது பின்வரிசை ஓரத்தில் அவர் இல்லை. "எல்லோரும் வந்தாயிற்றா?" என்று ஆசிரியர் வினவினார். "ஆம் ஐயா" என்று விடையிறுத்தோம். பின்னர்ப் பெயர்ப்பட்டியல் எழுதிக் கொடுத்தவர்களும் யாமே. 'சமுகமளியாதவர்' என்னுஞ் சொல் எம் கையாலேயே எழுதப்பட்டது.

கல்லூரியை விட்டு நீங்கியபின் பத்தாண்டுகள் வரையில் அவரைக் காணும் வாய்ப்பு நேரவில்லை. ஒரு திருவிழாவிலே தேர் வடத்தருகே அவரைச் சந்தித்தோம். உதட்டுப் பிளவு மறைந்திருந்தது. மூக்கின் அடியிலிருந்து உதடு வரையில் மெல்லிய தழும்பொன்று மாத்திரமே தெரிந்தது. தொழில் பெற்றுக் கையிற் பணஞ் சேர்ந்த பின் சத்திரசிகிச்சை செய்துகொண்டதாகக் கூறினார். உதட்டுப் பிளவைப் பிறந்து மூன்று முதல் ஆறு மாதத்துள்ளும், அண்ணத்தை ஏறக்குறைய ஓராண்டு வயதிலும் தைத்தலே இக்கால வழக்கம். குழந்தை பேசக் கற்குமுன் அண்ணம் மூடப்பெறின் பேச்சுத் திருந்துவது எளிது. அவருக்கோ இருபத்தாறு வயதிலேதான் அது வாய்த்தது. ஆதலின் பேச்சிற் பழைய சாயல் சிறிது எஞ்சியிருந்தது.

"இப்பொழுது முகம் நன்றாயிருக்கின்றது" என்றோம். வேறு சொல்லத் தோன்றவில்லை. அவர் நகைத்து, "தேநீரைச் சிந்தாமற் குடிக்கின்றேன், எனக்கு அதுவே பெரிது. முன்பு என்னைக் கண்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இப்பொழுது தழும்பைத் தேடிப் பார்க்கின்றார்கள். வைத்தியர் என் உதட்டைத் தைத்தார். பார்ப்பவர் கண்ணுக்கு அவர் என்ன செய்வார்?" என்றார். அச்சொல்லிற் கோபம் இருக்கவில்லை. ஆனால் அந்த வினா எம்மை விட்டு நீங்கவில்லை. அன்றுதொட்டு, சிதைந்த முகங்களைத் திருத்தும் இக்கலையின் வரலாற்றைக் கிடைத்த நூல்களிலெல்லாம் படித்து வரலானோம்.

நம் மொழியிலே முகம் என்னுஞ் சொல் மானத்தோடு பிரிக்கவொண்ணாது பிணைந்து கிடக்கின்றது. முகங்கொடுத்துப் பேசுதல், முகத்தில் விழித்தல், முகத்திற் கரி பூசுதல் என்கின்றோம். அவமானப்பட்டவனை மூக்கறுபட்டான் என்கின்றோம். சமுகம் என்பதிலும் முகம் உண்டு. முன்னிலையில் முகங்காட்டி நிற்றலே அதன் பொருள். மூக்கறுபடுதல் நமக்கு இன்று வெறும் வழக்குச் சொல். முற்காலத்திலோ அது மெய்யாகவே விதிக்கப்பட்ட தண்டனை. உயிரை வாங்காது, காண்போர் கண்ணையே வாழ்நாள் முழுதும் கொலைக்கருவியாக்கிவிடுந் தண்டனை அது. அதனாற்போலும் அறுந்த மூக்கை மீள அமைக்குங் கலையும் இப்பாரதப் பெருநிலத்திலேயே முதிர்ந்தது. சுசுருதர் பெயரால் வழங்குஞ் சங்கிதை, இலையொன்றால் அளவெடுத்துக் கன்னத்துத் தோலினால் மூக்கு அமைக்கும் முறையைக் கூறுகின்றது.

1794 ஆம் ஆண்டில் இலண்டன் மாசிகையொன்றில் வெளியான கடிதம் இக்கலையை மேனாட்டார்க்கு அறிவித்தது. மைசூர் யுத்தத்தில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர், திப்பு சுல்தானின் படையினரிடம் அகப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பூனாவுக்கு அருகே செங்கல் செய்யுங் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு மூக்கு அமைத்துக் கொடுத்தார். மெழுகால் மூக்கின் வடிவைச் செய்து, அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து அளவு குறித்து, அவ்வளவிற்குத் தோலை உரித்துக் கீழே திருப்பிப் பொருத்தினர். புருவங்களுக்கு நடுவே ஒரு சிறு பகுதியை அறுக்காது விட்டமையால் அத்தோலுக்கு இரத்தம் ஓடிக்கொண்டேயிருந்தது. இச்செய்தியைப் படித்த கார்ப்யூ என்னும் வைத்தியர் 1814 ஆம் ஆண்டில் இலண்டனில் இம்முறையைக் கையாண்டு வெற்றி கண்டார். கவாஸ்ஜி இழந்த கை மீளவில்லை, மூக்கு மீண்டது. உழைப்புக்கு வேண்டியது கையே எனினும், ஊரிலே தலைநிமிர்ந்து நடப்பதற்கு மூக்கு வேண்டியிருந்தது.

இக்கலை பெரும்படியாக வளர்ந்தது முதலாம் உலக யுத்தத்திலாகும். பதுங்கு குழிக்குள் நின்று போர்செய்த வீரன் தலையைச் சற்று உயர்த்தினும் குண்டு முகத்தையே தாக்கியது. நியூசிலாந்திற் பிறந்த ஹரோல்ட் கில்லீஸ் என்னுஞ் சத்திரவைத்தியர், இலண்டனுக்கு அண்மையிலுள்ள சிட்கப் என்னும் ஊரில் 1917 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வைத்தியசாலையில் இத்தகையோரைப் பேணினார். 1925 ஆம் ஆண்டு வரையில் அங்கே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வீரருக்குப் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் செய்யப்பட்டன. நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. உரித்துத் திருப்பிய தோலின் உட்புறம் வெளியே தெரியின் சீழ் பிடித்துவிடும். கில்லீஸ் அத்தோற்பட்டையை உட்புறமாகச் சுருட்டிக் குழாய்போலத் தைத்தார். அதனால் இரத்தவோட்டமும் காக்கப்பட்டது, சீழும் தவிர்ந்தது. மார்பிலிருந்தோ நெற்றியிலிருந்தோ முகத்திற்கு அக்குழாய் தொங்க, வீரர்கள் வாரக்கணக்காகக் காத்திருப்பர். ஒரு முகம் திருந்துவதற்குப் பல சிகிச்சைகளும் சில ஆண்டுகளுங்கூடச் சென்றன.

அந்த வைத்தியசாலையின் விடுதிகளிலே முகம் பார்க்குங் கண்ணாடி விலக்கப்பட்டிருந்தது. கண்ணாடியை விலக்கலாம்; ஊரை விலக்குதல் எங்ஙனம்? வைத்தியசாலைக்கும் நகருக்கும் இடைப்பட்ட வீதியிற் சில வாங்குகளுக்கு நீல வர்ணம் பூசினர். நீல வாங்கில் ஒருவர் அமர்ந்திருந்தால், அவர் முகம் காண்போர்க்கு அதிர்ச்சி தரக்கூடும் என்று நகரத்தார் முன்கூட்டியே அறிந்துகொள்வர். வேண்டுமாயின் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். வேறு வழியே போகலாம். தீய எண்ணத்தோடு எவரும் இதைச் செய்யவில்லை. நடந்து களைத்த வீரனுக்கு இருக்கை கிடைத்தது. நகரத்தாருக்கு எச்சரிக்கை கிடைத்தது. இதனை முதன்முறை படித்தபோது எம் கண்முன் தோன்றியது சிட்கப் அன்று; எம் வகுப்பின் சுவரோரத்து வாங்கே தோன்றியது. அதற்கு எவரும் வர்ணம் பூசவில்லை. ஆனால் அது நீல வாங்கே.

இரண்டாம் உலக யுத்தத்தில், கில்லீஸிடம் தொழில் பயின்றவரும் அவருக்கு உறவினருமாகிய ஆர்ச்சிபோல்ட் மக்கின்டோ, ஈஸ்ற் கிறின்ஸ்ரெட் என்னும் ஆங்கில நகரில் விமானப் படையினருக்குச் சிகிச்சை செய்தார். எரியும் விமானங்களுள் அகப்பட்டு முகமும் கைகளும் கருகிய இளைஞர்கள் அவர்கள். இமைகள் கருகியோர்க்கு முதலில் இமையே அமைக்கப்பட்டது. இமை மூடாதாயின் கண்ணே கெடும் அன்றோ! ஆயின் மக்கின்டோ சத்திரசிகிச்சையோடு நின்றுவிடவில்லை. நகரத்தாரிடஞ் சென்று, இவ்விளைஞர்களைக் கண்டால் வெறித்துப் பாராதீர்கள், முகத்தைத் திருப்பாதீர்கள், வீட்டுக்கு அழையுங்கள் என்று வேண்டிக்கொண்டார். நோயாளர் நீலநிறச் சீருடை அணியவேண்டுமென்றிருந்த வழக்கத்தையும் நீக்கி, அவர்கள் தத்தம் படையுடுப்போடு நகரில் உலாவச் செய்தார். நகரத்தார் அவர் சொல்லை ஏற்றனர். கடைகளிலும் நடன மண்டபங்களிலும் அவ்விளைஞர்கள் ஏனையோரைப் போலவே வரவேற்கப்பட்டனர். வெறித்துப் பாராத நகரம் என்னும் பெயர் அந்நகருக்கு நிலைத்தது.

அவ்விளைஞர்கள் 1941 ஆம் ஆண்டில் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். புதுச் சிகிச்சைகள் தம்மீது பரீட்சிக்கப்படுவதால், ஆய்வுகூடத்துச் சிறுபிராணியின் பெயரையே வேடிக்கையாகச் சூட்டி, கினிப் பன்றிச் சங்கம் என்றனர். யுத்த முடிவில் அதன் அங்கத்தினர் 649 பேர். முதற் பொருளாளராகக் கால்கள் கருகியவர் ஒருவரைத் தெரிந்தெடுத்தனராம். பணத்தோடு ஓடிவிட முடியாதென்பது அவர்கள் சொன்ன காரணம். விரல்கள் கருகியவர் செயலாளரானார். கூட்டக் குறிப்பை நீட்டி எழுதமாட்டாராம்! ஆண்டுதோறும் ஒன்றுகூடி, 2007 ஆம் ஆண்டு வரையில் அச்சங்கத்தினர் சந்தித்து வந்தனர். பழைய மாணவர் சங்கங்களின் வருடாந்தக் கூட்டங்களை அறிந்த நமக்கு இந்நகைச்சுவையின் அருமை விளங்கும். ஊரார் ஒதுக்கியிருப்பின் அவர்கள் தம் காயத்தை இவ்வாறு எடுத்துப் பேசி நகைத்திருப்பார்களோ?

இவ்விரண்டு நகரங்களையும் ஒப்பு நோக்குமிடத்து எமக்குத் தெளிவாகின்ற உண்மை ஒன்றே. இரண்டிடத்தும் கைதேர்ந்த வைத்தியர் இருந்தனர். இரண்டிடத்தும் துன்புற்ற இளைஞர் இருந்தனர். ஓரிடத்தில் ஊரின் கண்ணுக்கு எச்சரிக்கை வழங்கப்பட்டது. மற்றோரிடத்தில் ஊரின் கண்ணுக்கே சிகிச்சை செய்யப்பட்டது. சத்திரசிகிச்சை பாதி வேலையையே முடிக்கும். எஞ்சிய பாதி காண்போரிடத்தில் உள்ளது. அதற்குக் கத்தியும் வேண்டா, ஊசியும் வேண்டா. 2014 ஆம் ஆண்டில் ஈஸ்ற் கிறின்ஸ்ரெட் நகரில் மக்கின்டோவுக்கு ஒரு சிலை நிறுவினர். அமர்ந்திருக்கும் வீரனொருவனின் தோள்களிற் கைவைத்து அவர் பின்னே நிற்கின்றார். சிலையைச் சூழ ஒரு கல் வாங்கு அமைக்கப்பட்டுள்ளது. வழிப்போக்கர் அதில் அமரும்போது, அன்று துணைநின்ற நகரத்தாரின் இடத்தை அவர்களே நிரப்புகின்றனர். ஒரு வாங்கை ஒதுக்குவதற்கும் பயன்படுத்தலாம்; சூழ்ந்திருப்பதற்கும் பயன்படுத்தலாம்.

அகத்தின் அழகு முகத்திற் தெரியும் என்னும் பழமொழியை யாம் இளமையில் எத்தனை முறை எழுதிப் பயின்றோம்! மகிழ்வும் துயரும் முகத்திற் தோன்றும் என்ற அளவில் அது மெய்யே. ஆனால் முகத்தின் குறையை அகத்தின் குறையாகக் கொள்ளவும் அதே பழமொழியை நாம் பழக்கிக்கொண்டோம். தழும்புள்ளவனை முரடன் என்கின்றோம். பேச்சுக் குழறினால் அறிவும் மந்தம் என்கின்றோம். ஒருகணப் பார்வையிலே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகின்றது. மேன்முறையீட்டுக்கோ இடமில்லை.

சைவ மக்களாகிய நமக்கு இதனை உணர்த்துதற்கு மேனாட்டு நகரம் வேண்டியதில்லை. காரைக்காலம்மையார் தம் எழில் வடிவை உதறிப் பேய் வடிவை வேண்டிப் பெற்றார். வழியிற் கண்டோரெல்லாம் அஞ்சி ஓடினர். கயிலையில் இறைவனோ அவரை அம்மையே என்று அழைத்தான். உலகு ஓடிய வடிவைக் கண்டு இறைவன் தாய் என்றான். நம் கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையை வலம் வருங்கால், ஏனையோர் நிற்க அம்மையார் அமர்ந்திருக்கும் கோலத்தைக் கண்டு கைகூப்புகின்றோம். அவ்வரிசையில் அவர் முகத்தை அப்பாலே திருப்பிக்கொள்ளுமாறு எவரும் சொல்லவில்லை. கோயிலில் வணங்கிய அந்த உண்மையை வகுப்பறைக்குக் கொண்டுவர யாம் தவறினோம்.

இன்று எம் கல்லூரியிற் பயிலும் மாணாக்கர்க்கு ஒரு சொல். 2009 ஆம் ஆண்டு வரையில் இந்நாட்டில் நடந்த யுத்தம் எத்தனையோ பேரின் முகங்களில் எரிகாயங்களையும் வெடிகாயங்களையும் விட்டுச் சென்றது. அவர்களை நீங்கள் பேருந்திலும் சந்தையிலும் காண்பீர்கள். அவர்தம் பிள்ளைகள் உங்கள் வாங்கிலேயே இருக்கக்கூடும். சத்திரசிகிச்சை பெரிதும் முன்னேறிவிட்டது. 2005 ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்திலே, இறந்தவர் ஒருவரின் முகத்தின் பகுதியை மற்றொருவருக்குப் பொருத்தியும் விட்டனர். எனினும் எல்லாத் தழும்பையும் நீக்கவல்ல வைத்தியர் இன்னும் பிறக்கவில்லை. ஆதலின் கண்ணைப் பழக்குங் கல்வியை இங்கேயே தொடங்குங்கள். வெறித்துப் பார்த்தலும் தவறு. இரக்கத்தாற் பாராதொழிதலும் தவறு. பெயர் சொல்லி அழையுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். வாசிக்கும் முறை வந்தால் வாசிக்க விடுங்கள்.

படம் கிடைத்த மறுவாரம் அதனை எடுத்துக்கொண்டு நண்பரின் இல்லஞ் சென்றோம். பேரப்பிள்ளைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தனர். அறுபது ஆண்டளவாகச் சொல்லாதிருந்த மன்னிப்பைச் சொன்னோம். அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்து படத்தை நெடுநேரம் நோக்கினார். பின்னர், "அன்று நான் எங்கே நின்றேன் தெரியுமோ? புகைப்படக்காரருக்குப் பின்னாலே வேப்பமரத்தடியில் நின்றேன். பாரும், நீங்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். அவ்வளவு பேரும் ஒருமிக்க என்னைப் பார்த்தது அன்று ஒருநாள்தான்" என்று சொல்லி நகைத்தார். எமக்கு நகைக்க இயலவில்லை.

"படத்தை மலருக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டோம். "அனுப்பும், ஆனால் அந்தச் சொல்லை மாத்திரம் திருத்திவிடும்" என்றார்.

ஆதலின் மலராசிரியருக்கு எம் பணிவான வேண்டுகோள் இதுவே. இப்படத்தை வெளியிடுவீர்களாயின் அதன்கீழுள்ள ஈற்றுவரியை நீக்கிவிடுக. அதனை எழுதிய வகுப்புத் தலைவரே இன்று தம் கையால் அதனை அடித்துவிடுகின்றார். அவ்விடத்தில் இவ்வாறு அச்சிடுக: முப்பத்திரண்டாவது மாணாக்கர் புகைப்படக்காரருக்குப் பின்னே, வேப்பமரத்தடியில் நிற்கின்றார், அவர் அன்று சமுகமளித்திருந்தார்.